சராசரி எடுப்பது கிரேஸ் மார்க்கா?

ஐயா,

ஃபூரியே தொடர் (ஒரு சார்பை சைன், கோசைன் அலைகளின் கூட்டலாக எழுதுவது) பற்றிய கட்டுரையில், குவியாத, அதாவது ஒரு மதிப்பில் நிலைகொள்ளாத தொடரைக்கூட கணிதவியலாளர் ஃபெயேர் சராசரி எடுத்துச் சரியான மதிப்புக்குக் கொண்டுவந்தார் என்று எழுதியிருந்தீர்கள். எம்.எஸ்ஸி.யில் அந்தத் தேற்றத்தை நிரூபித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஃபெயிலான பையனுக்கு கிரேஸ் மார்க் போடுவதுபோல இருக்கிறது. குவியவில்லை என்றால் குவியவில்லைதானே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பையனைத் திட்டுவதற்கு முன் கேள்வித்தாளை ஒருமுறை பாருங்கள்.

அரையில் தொடங்கி, ஒரு கோணத்தின் கோசைன், அதன் இருமடங்கின் கோசைன், மும்மடங்கின் கோசைன் என்று கூட்டிக்கொண்டே போகும் தொடரை எடுங்கள். கோணம் 180 பாகை என்றால் அது 1/2 − 1 + 1 − 1 + … பகுதிக்கூடுதல்கள் (முதல் சில உறுப்புகளை மட்டும் கூட்டியவை) 1/2, −1/2, 1/2, −1/2 என்று ஆயுசுக்கும் ஊஞ்சலாடும். அவற்றின் சராசரிகளோ 1/2, 0, 1/6, 0, 1/10, 0 என்று பூஜ்யத்தில் அடங்குகின்றன. இந்தத் தொடர் எதைக் குறிக்கிறதோ அது தன் எடை முழுவதையும் 0 பாகையில் வைத்திருக்கிறது; நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டியது பூஜ்யம்தான். சராசரி உண்மையைச் சொல்கிறது, பகுதிக்கூடுதல் உளறுகிறது.

ஏன் உளறுகிறது? ஒரு புள்ளியில் பகுதிக்கூடுதல் என்பது சார்பின் மதிப்புகளை எடைபோட்டுக் கூட்டியது. அந்த எடைகளில் பாதி எதிர்மறை. 1 கிலோ கேட்டால் 50 கிலோ தட்டில் வைத்து 49 கிலோவைத் திரும்ப எடுக்கும் மளிகைக்கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு சரிதான், ஆனால் வைப்பதும் எடுப்பதும் உறுப்புகள் கூடக்கூட லாகரிதம் வேகத்தில் பெருகுகின்றன. அந்தக் குறிகளோடு ஒத்து ஆடும் சார்பு ஒன்று வந்தால் தீர்ந்தது. 1873-இல் கணிதவியலாளர் டு புவா-ரேமோன் அப்படிப்பட்ட தொடர்ச்சியான சார்பையே கட்டிக் காட்டினார். ஒரு புள்ளியில் அதன் தொடர் விரிந்துவிடும், அதாவது குவியாது.

இதற்கு ஃபெயேர் 1900-இல் வழி கண்டார்; அப்போது அவருக்கு வயது 20. சராசரி எடுத்ததும் எடைகள் ஒரு வர்க்கமாகிவிடுகின்றன, எதிர்மறையே கிடையாது. தேற்றத்தின் உயிர் அங்கேதான். மிச்சமெல்லாம் எப்சிலான் வேலை, பிழை எவ்வளவு சிறியது என்று அளக்கும் வழக்கமான கணக்கு. −1க்கும் 1க்கும் இடையே தாவும் சதுர அலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். எத்தனை உறுப்பு சேர்த்தாலும் பகுதிக்கூடுதல் தாவும் இடத்துக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 1.18 வரை எகிறும். சராசரி ஒருநாளும் 1ஐத் தாண்டாது.

இலவசமாக அல்ல. சாதாரண சைனையே கொடுத்துப் பாருங்கள்: பகுதிக்கூடுதல் அதை அப்படியே திருப்பித் தரும், முதல் 100 பகுதிக்கூடுதல்களின் சராசரி 0.99 மடங்குதான் தரும். நல்ல பையனுக்கும் ஒரு மார்க் குறைக்கிற வாத்தியார்! இதை வகுப்பில் ஏனோ யாரும் சொல்வதில்லை.

உங்கள் பிடிவாதத்துக்கும் கூட்டாளிகள் உண்டு. சராசரியே எடுக்காமல் என்ன ஆகும் என்று கணிதவியலாளர் லூசின் கேட்டார். சார்பு தொகையிடத்தக்கதாக (அதன் வரைபடத்துக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு முடிவுள்ளதாக) மட்டும் இருந்தால் போதாது, தொடர் எல்லாப் புள்ளியிலும் விரியக்கூடும் என்று 1926-இல் கோல்மோகரோவ் காட்டினார். சார்பின் வர்க்கமும் தொகையிடத்தக்கதாக இருந்தால், மொத்த நீளம் பூஜ்யமான ஒரு புள்ளிக்கூட்டத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் தொடர் தானாகவே குவியும் என்று 1966-இல் கார்லசன் நிரூபித்தார். தொடர்ச்சியான சார்புகள் எல்லாம் இதில் அடக்கம். அந்த விதிவிலக்கையும் துடைத்துவிட முடியாது: நீளம் பூஜ்யமான எந்தக் கூட்டத்தைக் கொடுத்தாலும், அதன் ஒவ்வொரு புள்ளியிலும் விரியும் தொடர்ச்சியான சார்பு ஒன்று உண்டு என்று அதே ஆண்டில் ககானும் காட்ஸ்னெல்சனும் காட்டிவிட்டார்கள்.

அன்புடன்