நேட்டாலுக்குப் போனவரைத் தேட, எண்ணைப் பிடியுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி 1890-களில் நேட்டாலுக்குக் கப்பலேறினாராம். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அவர் வழி வந்தவர்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முயன்று பார்க்க நல்ல இடமே இருக்கிறது. நேட்டால் இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது, அதன் துறைமுகம் டர்பன். கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பிய முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கியவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களைக் கப்பல் வாரியாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களைக் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் கணினியில் ஏற்றியிருக்கிறது.

ஆனால் முனுசாமி என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். வடஆர்க்காட்டில் தெருவுக்கு ஒரு முனுசாமி. குமாஸ்தாவோ காதில் விழுந்ததை எழுதினார்: மூன்சாமி, முனிசாமி, மூனுசாமி. வந்தவாசியும் 'வாண்டிவாஷ்' என்றுதான் இருக்கும். அதனால் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். அவருடைய அப்பா பெயர் என்ன, கிராமத்தின் பழைய பெயர் என்ன, கூடப் போனவர்கள் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரிதான். எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு. இத்தனை காலம் வெறும் பெயராக இருந்த மனிதர், காலில் ஒரு தழும்போடு எழுந்து வரும் இடம் அது. மேலும் கீழும் உள்ள வரிகளையும் பாருங்கள். குடும்பத்தினரும் ஒரே ஊர்க்காரர்களும் பெரும்பாலும் அடுத்தடுத்துப் பதிவாகியிருப்பார்கள். சாதி ஒத்துப்போகவில்லை என்று மட்டும் ஒரு வரியைத் தள்ளிவிடாதீர்கள். அதை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு, தவறாக எழுதப்பட்டவர்களும் உண்டு.

வரி கிடைத்ததும் அந்த எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கல்யாணம், குழந்தை பிறப்பு, மரணம் என்று பின்னால் வந்த பதிவுகளில் பெயரோடு இந்த எண்ணையும் எழுதும் வழக்கம் இருந்தது. ஒரே கரும்புத் தோட்டத்தில் நாலு முனுசாமி இருக்கலாம், எண் ஒருவருக்கு ஒன்றுதான்.

அடுத்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம். ஏதாவது சொத்து விட்டுப் போயிருந்தால் அவர் பெயரில் சொத்துக் கோப்பு இருக்கக்கூடும். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் இங்கிருந்தே தேடலாம். அந்தக் கோப்பில் இருக்கும் மரண அறிவிப்புதான் புதையல். பெற்றோர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் அதில் கேட்கப்பட்டிருக்கும். ஆனால் தகவல் சொன்னவர் மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ என்று பாருங்கள், இறந்தவரின் பெற்றோர் பெயர் அவர்களுக்குச் சரியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

வாரிசுகளின் குடும்பப் பெயரை இரண்டு விதமாகத் தேடுங்கள். அப்பா பெயரே நிலைத்து 'மூன்சாமி' குடும்பமாக இருக்கலாம். இல்லையென்றால் பட்டப்பெயர் உருமாறியிருக்கும். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார்.

எங்குமே கிடைக்கவில்லையா? வீட்டில் நேட்டால் என்று சொன்னது மொரீஷியஸாகவும் இருக்கலாம். அந்தப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. சொந்தச் செலவில் போன வியாபாரிகள் கூலிப் பட்டியலில் வரமாட்டார்கள்.

டர்பன் பக்கம் யாராவது கிடைத்தால், முதல் கடிதத்திலேயே உங்கள் ஊர்ப் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் எழுதுங்கள். அங்கிருந்து தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாமல் போனவை அந்த இரண்டும்தான்.