சேஜ் கிரீன் சுவர் சாம்பலாகத் தெரிகிறதா? பெயின்டரைக் கூப்பிடும் முன் பல்பைப் பாருங்கள்

கேள்வி: சென்னையில் ஃபிளாட். ஹாலுக்கு இருப்பது வடக்குப் பக்கம் ஒரே ஒரு பெரிய ஜன்னல்தான். நான்கு சுவருக்கும் சேஜ் கிரீன் அடித்தோம். ஷேடு கார்டில் இதமாக இருந்த நிறம், பகலில் வெறும் சாம்பலாகவும் ராத்திரி லைட் போட்டால் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரியும் தெரிகிறது. தேக்குக் கதவு, வெள்ளை டைல்ஸ். எல்லாவற்றையும் மாற்றி அடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நிறம் தப்பில்லை, அதன் மேல் விழும் வெளிச்சம்தான் பிரச்சினை. சேஜ் கிரீன் என்பது பச்சையில் நிறையச் சாம்பலும் லேசாக மஞ்சளும் சேர்ந்த நிறம், அதனால் வெளிச்சம் மாறினால் இதுவும் மாறிவிடும். வடக்கு ஜன்னலில் ஆண்டின் பெரும்பகுதி நேர் வெயில் விழாது, வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம்தான் வரும், அது அந்த மஞ்சளை அமுக்கிவிட்டுச் சாம்பலை முன்னால் தள்ளுகிறது.

ராத்திரிக்குக் காரணம் அநேகமாக உங்கள் எல்இடி. அட்டைப்பெட்டியில் 6500கே, கூல் டேலைட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், நம் வீடுகளில் பெரும்பாலும் அதுதான். (கே என்பது கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. எண் கூடினால் நீலச் சாயல், குறைந்தால் மஞ்சள் சாயல்.) மெயின் லைட்டை 4000கே (நேச்சுரல் ஒயிட்) ஆக்குங்கள், சோபா பக்கம் ஒரு விளக்கை மட்டும் 3000கே (வார்ம் ஒயிட்) வையுங்கள். எல்லாமே 3000 என்றால் சுவர் ஆலிவ் பக்கம் போய்விடும். சிஆர்ஐ (பொருளின் நிறத்தைப் பல்பு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் உள்ள பல்பு கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் வாங்குங்கள், தேக்கின் செம்மை அதில்தான் சரியாகத் தெரியும், செம்மை பக்கத்தில் இருந்தால்தான் பச்சையும் பச்சையாகத் தெரியும். அதனால் கதவுக்குத் தயவுசெய்து வெள்ளை அடித்துவிடாதீர்கள்!

அப்புறம் சீலிங். பளிச்சென்ற நீல வெள்ளை அடித்திருந்தால் அதை மட்டும் க்ரீம் சாயல் உள்ள வெள்ளைக்கு மாற்றினாலே பாதி வித்தியாசம் தெரியும். வெள்ளை டைல்ஸ் மேல் கோரைப் பாய், ஜன்னலுக்குக் காடாத் துணி நிறத்தில் திரை, செங்கல் நிறத்தில் இரண்டு குஷன் உறை போதும். இன்னொரு பச்சையை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டாம்.

இதற்குப் பிறகும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால், மஞ்சள் கொஞ்சம் தூக்கலான சேஜ் ஷேடு ஒன்று எடுத்து, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு சுவரிலும் சாய்த்து வைத்துக் காலை, சாயங்காலம், ராத்திரி என்று பாருங்கள். இப்போதைய சுவரிலேயே திட்டாக அடித்துப் பார்த்தால் சுற்றியிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். மேட் ஃபினிஷ், ஆனால் துடைத்துக் கழுவக்கூடிய எமல்ஷனாகக் கேளுங்கள். பளபளப்பு ஏறினால் பட்டி பார்த்த மேடு பள்ளமெல்லாம் லைட்டில் காட்டிக்கொடுக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் இருந்தால் முதலில் கசிவை அடைத்து, சுவர் முழுக்கக் காய்ந்தபிறகே எந்த கோட்டும். இந்த நிறத்தில் ஈரத்திட்டு அப்படியே பாசி பிடித்தது போலத் தெரியும்.

டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் ஷேடு எண்ணை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு டச்சப் செய்யும்போது வேறு கம்பெனியில் "அதே மாதிரி" கலந்து வாங்கினால் திட்டுத் திட்டாகத் தனியே தெரியும்.