கம்பெனி சிஸ்டமா, அசெம்பிள் செய்வதா? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. மதுரையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப்பைத் தவிர எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்ததில்லை. அதில் ஓடுகிற சின்னச் சின்ன கேம்களை விளையாடியே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டைப் போன மாதம் எடுத்தேன். மானிட்டர் வாங்கியது போகக் கையில் தொண்ணூறாயிரம் இருக்கிறது. நல்ல கேமிங் சிஸ்டம் ஒன்று வாங்க ஆசை.

அப்பா, "கம்பெனிப் பொருளாகப் பார்த்து வாங்கு, கெட்டுப்போனால் யாரைப் போய்க் கேட்பாய்?" என்கிறார். நண்பர்கள், "பார்ட் பார்ட்டாக வாங்கி நீயே மாட்டு, இருபதாயிரம் மிச்சம்" என்கிறார்கள். நான் ஸ்க்ரூ டிரைவர் பிடித்ததே இல்லை. மதுரையில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுகிறவர் நீங்கள். எனக்கு எது சரிப்படும்?

க.
உசிலம்பட்டி

*

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் அவசரப்படாமல் யோசித்து எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே மாட்டுங்கள். அதுதான் என் பதில். ஆனால் இருபதாயிரம் மிச்சம் என்று நண்பர்கள் சொல்லும் கணக்கை நம்பி இறங்காதீர்கள். அந்தக் கணக்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. 2021-இல் கம்ப்யூட்டரை ஓடவிட்டே கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள், கேம் படத்தை உருவாக்கித் திரைக்குத் தரும் கிராபிக்ஸ் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். கடையில் தனிக் கார்டு கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. அதே கார்டு உள்ளே இருக்கும் கம்பெனி சிஸ்டம் அப்போது மலிவாக இருந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு அந்தத் தோண்டும் முறையையே விட்டபிறகுதான் அந்தத் தலைவலி முழுசாகத் தீர்ந்தது. 2025 கடைசியில் அதே கதை சிஸ்டத்தின் மெமரியான ராமுக்கு வந்தது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் போய்விட, புது வகை டிடிஆர்5 ராம் மட்டுமில்லாமல் பழைய வகை டிடிஆர்4 விலையும் மடங்குக் கணக்கில் ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ராம் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில், முன்பே ராம் வாங்கி இருப்பு வைத்திருக்கும் கம்பெனி தன் சிஸ்டத்தை நீங்கள் மாட்டும் விலைக்கும் கீழே தரக்கூடும். வாங்கப்போகும் வாரத்து விலையை இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மாட்டுவது சில ஆயிரம் கூடுதலாகவே வந்தாலும் நான் மாட்டத்தான் சொல்வேன்.

காரணம் என் சொந்த அனுபவம். 2019 பொங்கலுக்கு நானும் ஒரு கம்பெனி சிஸ்டம்தான் வாங்கினேன். மூன்று வருட வாரண்டி முடிந்து நாலாவது மாதம், சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம், ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டு வந்தது. சிஸ்டம் எழுந்திருக்கவில்லை. எஸ்எம்பிஎஸ், அதாவது பிளக்கில் வரும் கரண்டை உள்ளே இருக்கும் பார்ட்டுகளுக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி, போயிருந்தது. அவ்வளவுதானே, புதுசு ஒன்று மாட்டிவிடலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, ஒரு புது எஸ்எம்பிஎஸ்ஸை உள்ளே வைத்துப் பார்த்தான். உட்காரவில்லை. என்னுடையது வேறு அளவு. சரி, வெளியில் வைத்தே ஒயரை மாட்டலாம் என்றால், எல்லாப் பார்ட்டும் வந்து சேரும் மதர்போர்டில், எல்லாரும் வைக்கும் 24 பின் சாக்கெட் இல்லை. அந்தக் கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட சின்ன சாக்கெட் இருந்தது. மதர்போர்டையே மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அதன் ஸ்க்ரூ ஓட்டைகளும் வேறு இடத்தில். "சார், இதுல ஒண்ண மாத்தணும்னா எல்லாத்தையும் மாத்தணும்" என்றான். சென்னை ரிச்சி தெருவில் ஒரு நண்பர் அலைந்து திரிந்து அதே மாடல் பழசு ஒன்றைப் பிடித்து அனுப்ப ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் ப்ராசசர், ராம், கார்டு எல்லாம் நல்லபடியாக இருந்தும் அந்தத் தகரப் பெட்டிக்குள் சும்மா கிடந்தன. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஏடிஎக்ஸ் என்ற அளவை இன்டெல் 1995-இல் கொண்டுவந்தது. எந்தக் கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸும் எந்தக் கம்பெனி கேபினெட்டிலும் (வெளித் தகரப் பெட்டி) உட்கார வேண்டும், எந்த மதர்போர்டிலும் மாட்ட வேண்டும் என்பதற்காக வந்தது. தனித்தனியாக வாங்கும் பார்ட்டுகள் இந்த ஒழுங்குக்குள் இருப்பவை. அதனால் ஒன்று போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். மாற்ற மட்டுமா, ஏற்றவும் செய்யலாம். 2017-இல் ஏஎம்டி கம்பெனியின் முதல் ரைசன் ப்ராசசரோடு, அது உட்காரும் ஏஎம்4 வகை மதர்போர்டு வாங்கியவர்கள், ஐந்து வருடம் கழித்து போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற மென்பொருளை மட்டும் புதுப்பித்து அதே போர்டில் ரைசன் 5000 வரிசையைப் போட்டார்கள். எல்லாக் கம்பெனி சிஸ்டமும் என்னுடையது மாதிரி என்று சொல்லமாட்டேன். வழக்கமான பார்ட்டுகளையே போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சீல் பிரிக்காத பெட்டியை வெளியில் இருந்து பார்த்து எது எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது வெயில். உங்கள் வீட்டில் மே மாதம் மத்தியானம் அறை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கேபினெட்டுக்குள் போகும் காற்றும் அதே காற்றுதான். ஏசி போட்டு 25 டிகிரியில் வைத்த அறையில் 70 டிகிரி காட்டும் கார்டு, 38 டிகிரி அறையில் 83-ஐத் தொடும். சூடு எல்லை தாண்டாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் படத்தில் அழகாக இருக்கும், நம் ஊருக்கு ஆகாது. முன்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை போட்டதாக வாங்குங்கள். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை இழுக்க வேண்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ள வேண்டும். தூசி வலையைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். கலர் விளக்கு எரியும் ஃபேனுக்கு ஆகும் காசை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 மாதிரிக் கார்டுக்கு, அதன் சிப்பைச் செய்யும் என்விடியாவே 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது. ஐந்து வருட வாரண்டியோடு வரும் நல்ல 650 வாட் ஒன்றைப் போட்டுவிட்டால், பின்னால் கார்டை மாற்றும்போதும் அதுவே ஓடும். கேபினெட்டோடு இலவசமாகத் தருகிறேன் என்று ஒரு எஸ்எம்பிஎஸ் தருவார்கள். வேண்டவே வேண்டாம்.

பார்ட் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சிஸ்டம் வைக்கப்போகும் பிளக்கில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதற்கு ஒயரே போயிருக்காது. அப்படி இருந்தால் கேபினெட் தகரத்தில் கை படும்போதெல்லாம் சுர்ரென்று இழுக்கும். சிஸ்டம் கோளாறு என்று கடைக்குத் தூக்கிப் போவார்கள், அங்கே எர்த் இருப்பதால் ஒன்றும் தெரியாது, திரும்பி வந்தால் மறுபடி இழுக்கும். எர்த் குழி இருந்தால் கோடையில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் யுபிஎஸ். 600 விஏ என்று விற்பது உண்மையில் தாங்குவது ஏறக்குறைய 360 வாட். கேம் ஓடும்போது சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்தால் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். 1000 விஏக்குக் கீழே போகாதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் அந்தக் கண நேரத்தில் சிஸ்டம் அணைந்துவிடும்.

சரி, ஸ்க்ரூ டிரைவர் பிடித்ததில்லை என்ற பயத்துக்கு வருகிறேன். இதற்கு வேண்டியது ஒரே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். என் அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது எங்கள் வீட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து தன் சிஸ்டத்தைத் தானே மாட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன், கை வைக்கவில்லை. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்துக்கொண்டாள். ப்ராசசரின் ஒரு மூலையில் சின்னத் தங்க முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் ஒன்று இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கி மெல்ல வைத்தால் தானாக உட்காரும், அழுத்தவே கூடாது. ராம் அதற்கு நேர்மாறு. இரண்டு கட்டை விரலாலும் அழுத்த வேண்டும். போர்டு வளைகிற மாதிரி இருக்கும், உடைந்துவிட்டதோ என்று நெஞ்சு பதறுகிற மாதிரி டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் உட்கார்ந்தது என்று அர்த்தம். நாலு ஸ்லாட் இருக்கும் போர்டு என்றால், இரண்டு ராமையும் ப்ராசசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட வேண்டும். 16 ஜிபியை ஒரே ராமாக வாங்காமல் இரண்டு எட்டாக வாங்கினால் இரண்டு பாதையிலும் டேட்டா போகும், கேமில் அது தெரியும்.

எல்லாம் மாட்டி ஸ்விட்ச் போட்டாள். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. எடுத்து எடுத்துப் பார்த்ததில், போர்டின் மேல் மூலையில் ப்ராசசருக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கும் 8 பின் ஒயரை மாட்ட மறந்திருந்தாள். மாட்டினாள், படம் வந்தது. ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை மூன்றரை மணி நேரம். அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் எது என்ன ஆனாலும் அவளே கழற்றிப் பார்த்துவிடுகிறாள்.

இதையே இன்னொரு பக்கத்தில் இருந்தும் பார்த்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் நல்ல விலை கொடுத்துக் கம்பெனி சிஸ்டம் வாங்கினான். மூன்று மாதமாக எந்தக் கேமும் தடுமாறுகிறது என்றான். போய்ப் பின்பக்கம் பார்த்தேன். மானிட்டர் கேபிளைக் கீழே இருக்கும் கார்டில் மாட்டாமல், மேலே மதர்போர்டில் இருக்கும் ஓட்டையில் மாட்டியிருந்தான். அவ்வளவு காசு கொடுத்த கார்டு மூன்று மாதமாக வேலையே செய்யவில்லை. அவன்மேல் தப்பே இல்லை. உள்ளே எது எங்கே இருக்கிறது என்று அவனுக்கு யாருமே காட்டவில்லை. நீங்களும் கேபிளைக் கார்டில் மாட்டுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று இருப்பதை ஆன் செய்தால்தான் ராம் வாங்கிய வேகத்தில் ஓடும். விண்டோஸில் மானிட்டரின் ஹெர்ட்ஸையும், அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்ற கணக்கையும், ஏற்றிவிடுங்கள்.

உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். யாரைப் போய்க் கேட்பது? ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி வாரண்டி உண்டு. ப்ராசசருக்கு மூன்று வருடம், கார்டுக்குப் பெரும்பாலும் மூன்று. கார்டு, மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றையுமாவது மதுரையிலேயே ஒரே கடையில் வாங்குங்கள். ஆன்லைனில் ஐநூறு ஆயிரம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, நேரில் போய்க் கேட்க ஒரு முகம் இருக்கும். 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் வாங்குங்கள், ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் அதில் எழுதச் சொல்லுங்கள். பெட்டிகளைப் பரணில் பத்திரமாக வையுங்கள். கார்டு கெட்டு வாரண்டிக்கு அனுப்பினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சிஸ்டம் ஓட வேண்டும் என்றால் ப்ராசசரிலேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். இன்டெல்லில் கடைசியில் எஃப் எழுத்து வருகிறவற்றில் அது இருக்காது, ரைசன் 5 5600-இலும் இருக்காது. ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 போர்டுக்கு வரும் ரைசன் 7000 வரிசையில் எஃப் இல்லாதவற்றில் இருக்கும். கேம் ஓடாவிட்டாலும் மற்ற வேலை நடக்கும்.

கம்பெனி சிஸ்டம்தான் வாங்குங்கள் என்று நானே ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன். கிளினிக் வைத்திருக்கும் நண்பர் அவர். இன்று நின்றால் நாளை காலை ஆள் வந்து சரிசெய்தாக வேண்டும், அவருக்குத் திறந்து பார்க்க நேரமும் இல்லை. ராம் விலை காரணமாக உங்களுக்கும் வித்தியாசம் பத்து, பதினைந்தாயிரம் என்று வந்துவிட்டால் வாங்கலாம். அப்போது மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், ராம் மூன்றின் கம்பெனி பெயரையும் மாடலையும் எழுதிக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். வீட்டுக்கே வந்து பார்ப்போம் என்று சொன்னால், உங்கள் ஊர் பின்கோடைச் சொல்லி அங்கே வருவார்களா என்று கேளுங்கள்.

இவ்வளவு படித்தும் பயம் போகவில்லை என்றால், பார்ட்டுகளை நீங்கள் தேர்ந்தெடுத்து, கடையிலேயே மாட்டித் தரச் சொல்லுங்கள். ஆனால் போய்விட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிப் பக்கத்தில் உட்காருங்கள்.

வீட்டில் மாட்டுவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள், வெளிச்சம் இருக்கும். பவர் பட்டனில் இருந்து வரும் ஒயர்களின் முனை அரிசி அளவுதான் இருக்கும், கேபினெட்டின் அடி மூலையில் மாட்ட வேண்டும். அப்பாவை டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். பட்டியல் போட்டதும், பணம் கட்டுவதற்கு முன்னால், எனக்கு அனுப்புங்கள். எஸ்எம்பிஎஸ் எழுதிய வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்