பன்னிரண்டு மணி நேரத்தில் அமெரிக்காவா?

கேள்வி: டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். கோவையிலிருந்து 14,200 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் பதினாறு மணி நேரம் ஆக வேண்டும். ஆனால் சிங்கப்பூர் வழி டிக்கெட்டில் திங்கள் இரவு 9-க்குக் கிளம்பி செவ்வாய் காலை 9-க்கு இறங்குவதாக இருக்கிறதே? திரும்பி வரும்போது நேரம் கூடுகிறதே, ஏன்?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நமக்கு 13.30 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே செவ்வாய் காலை 9 என்றால் இங்கே அன்று இரவு 10.30. ஆக, உங்கள் பயணம் 25.30 மணி நேரம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள், அப்போது 12.30 மணி கூட்டினால் போதும்.

14,200 கி.மீ. என்பது உருண்டையின் மேல் நூல் பிடித்த தூரம். அந்தக் கோடு இமயமலை, சைபீரியா, அலாஸ்கா என்று வடக்கே வளைந்து போகும். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து அப்படி நேராகப் போகும் விமானம் கிடையாது. சிங்கப்பூர் வழியில் 3,160 கி.மீ., பிறகு சுமார் 13,600 கி.மீ.; மொத்தம் 16,750-க்கு மேல். முதல் கட்டம் நாலேகால் மணி, அடுத்தது ஏறக்குறைய பதினைந்து மணி. மிச்சமெல்லாம் சிங்கப்பூரில் காத்திருப்பு. வயதானவர்களுக்கு அந்த இடைவெளி நல்லதுதான். கால் நீட்டி நடக்கலாம். மூன்று மணிக்குக் குறைவான இடைவெளியை எடுக்காதீர்கள், கோவை விமானம் தாமதமானால் ஓட வேண்டி வரும்.

திரும்பும்போது நேரம் கூடுவதற்குக் காரணம் காற்று. பத்து, பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. வட பசிபிக்கின் மேல் குளிர்காலத்தில் அதற்கு வலு அதிகம். போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிரே நின்று தடுக்கும். அதனால் ஒன்றரை முதல் இரண்டு மணி கூடும். பசிபிக்கின் நடுவே நாள் மாறும் எல்லையான தேதிக்கோட்டையும் தாண்டுவதால் நாட்காட்டியில் ஒரு நாள் காணாமல் போகும். கோவைக்கு அழைக்க வருபவரிடம் இறங்கும் தேதியைச் சொல்லுங்கள், கிளம்பும் தேதியை அல்ல.

இதைவிட முக்கியம், இரண்டு கட்டங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அந்தக் காசு போனதுதான். பெட்டியை எடுத்து மறுபடி போட சிங்கப்பூரில் வெளியே வர வேண்டியிருக்கலாம். அதற்கு அந்நாட்டு விசாவோ, விசா இல்லாமல் இடைத்தங்கும் அனுமதியோ வேண்டும். ஒரே டிக்கெட் என்றாலும், கோவையில் பெட்டி போடும்போது ஒட்டும் சீட்டில் சான் பிரான்சிஸ்கோவின் குறியீடான எஸ்.எஃப்.ஓ. என்று இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். சிங்கப்பூரின் குறியீடான எஸ்.ஐ.என். மட்டும் இருந்தால், பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும்.