பெண் ஃபெரட்டின் பருவகாலம்: தானாக அடங்கும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வசிக்கிறோம். முயல் பிடிக்க ஃபெரட் (கீரி போன்ற சிறு வளர்ப்பு விலங்கு) வளர்க்கும் ஒருவரிடமிருந்து, சென்ற கோடையில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் குட்டிகளை வாங்கினோம். இரண்டுக்கும் கருத்தடை செய்யவில்லை. மார்ச் நடுவில் ஒன்றுக்குப் பிறப்புறுப்பு வீங்கத் தொடங்கி இப்போது பாதாம் பருப்பளவு இருக்கிறது. மூன்று வாரமாகியும் வற்றவில்லை. சாப்பாடு குறைந்து, உடல் வாடை கூடியிருக்கிறது. பூனைக்குப் போலத் தானே அடங்கிவிடும் என்கிறார் ஒரு நண்பர். ஒருமுறை குட்டி போடவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் விற்றவர். அறுவை செய்தால் பிற்காலத்தில் அட்ரீனல் நோய் வரும் என்று படித்ததால் தள்ளிப்போட்டுவிட்டோம். என்ன செய்யலாம்?

மருத்துவர் பதில்:

காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஃபெரட் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அழைக்கும்போது, "கருத்தடை செய்யாத பெண் ஃபெரட், மூன்று வாரமாகப் பருவத்தில் இருக்கிறது" என்று அப்படியே சொல்லுங்கள். ஃபெரட் பார்த்துப் பழகிய மருத்துவமனையில் இந்த ஒரு வரிக்கே முன்னுரிமை கிடைக்கும். மூன்று வாரம் என்பது இன்னும் கைமீறிப் போகாத காலம். ஒரு மாதத்தைத் தாண்டி நீளும் ஒவ்வொரு வாரமும் ஆபத்தைக் கூட்டுகிறது.

தானாக ஏன் அடங்காது? ஃபெரட் இணைசேர்ந்தால் மட்டுமே கருமுட்டையை வெளிவிடும் விலங்கு. பகல் நீளத் தொடங்கியதும் பருவம் வருகிறது. ஆண் கழுத்தைக் கவ்வி இணையும் தூண்டுதல் கிடைத்த பிறகு, ஏறத்தாழ 30 முதல் 40 மணி நேரத்தில் முட்டை வெளியாகிப் பருவம் முடிகிறது. அந்தத் தூண்டுதல் கிடைக்காவிட்டால் சினைப்பையில் உள்ள நுண்பைகள் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டே இருக்கும். பூனைக்கும் இணைசேர்ந்தால்தான் முட்டை வரும் என்பது உண்மை; ஆனால் பூனையின் நுண்பைகள் சில நாளில் சுருங்கி, பருவம் விட்டுவிட்டு வரும். ஃபெரட்டுக்கு அந்த இடைவெளி கிடையாது. மார்ச்சில் வந்த பருவம் ஆகஸ்ட், செப்டம்பர் வரை நீளக்கூடும்.

அத்தனை நாள் உயர்ந்தே இருக்கும் ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை முடக்குகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள், வெள்ளையணுக்கள், சிவப்பணுக்கள் மூன்றின் உற்பத்தியும் நிற்கிறது. நீண்ட நாள் பருவத்தில் விடப்படும் பெண் ஃபெரட்டுகளில் ஏறக்குறைய பாதிக்கு இது வருகிறது. பெரும்பாலும் உயிரைப் பறிப்பது ரத்தக்கசிவு: தட்டணு குறைந்து, குடலிலோ தண்டுவடத்தைச் சுற்றியோ ரத்தம் கசியத் தொடங்கிவிடும். வெள்ளையணு குறைந்த நிலையில், வீங்கித் திறந்திருக்கும் பிறப்புறுப்பின் வழியாகக் கிருமி ஏறிக் கருப்பையில் சீழ் கட்டுவதும் உண்டு.

பருவத்தில் இருக்கும் ஃபெரட் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவதும், வாடை கூடுவதும், தோல் எண்ணெய்ப் பிசுக்காவதும் வழக்கம்தான். வால் அடியிலும் பின்பக்கத்திலும் இருபுறமும் ஒரே மாதிரி முடி கொட்டினால் ஈஸ்ட்ரோஜன் நெடுநாளாக உயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தினமும் வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஈறு வெளுத்திருந்தாலும், ஈறிலோ வயிற்றுத் தோலிலோ ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலும், மலம் தார்போலக் கறுத்தாலும், பின்னங்கால் தள்ளாடினாலும் அது அவசரம். அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். போகும்வரை முரட்டுத்தனமாகத் தூக்கவோ விளையாட விடவோ கூடாது. ஐபுபுரோஃபென், பாரசிட்டமால் போன்ற வீட்டு மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது.

உங்கள் ஃபெரட் மூன்று வாரத்தைக் கடந்துவிட்டதால் ஒரு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள ஃபெரட்டுக்குச் சிவப்பணுக் கனஅளவு, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, பொதுவாக 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 25-க்கு மேல் இருந்தால் பருவத்தை முடித்துவிட்டாலே பெரும்பாலும் தேறிவிடும். 15-க்கும் 25-க்கும் இடையில் என்றால் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். 15-க்குக் கீழே போனால் பிழைப்பது கடினம். ஃபெரட்டுகளில் ரத்த வகை வேறுபாடு கண்டறியப்படவில்லை. அதனால் ஆரோக்கியமான எந்தப் பெரிய ஆண் ஃபெரட்டும் ரத்தம் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் ரத்தம் எடுத்தால், சில நிமிடங்களிலேயே மண்ணீரல் சிவப்பணுக்களை உள்ளிழுத்துக்கொண்டு எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து தெரியும். மயக்கம் கொடுத்து எடுத்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அளவைப் படியுங்கள்.

இனி, பருவத்தை முடிக்கும் வழிகள்.

பிரிட்டனில் ஃபெரட் வளர்ப்பவர்கள் 'ஜில் ஜேப்' (ஜில் என்றால் பெண் ஃபெரட்) என்று சொல்வது புரோலிஜெஸ்டோன் எனும் ஹார்மோன் ஊசி. அளவு 0.5 மில்லி, அதாவது 50 மில்லிகிராம், தோலுக்கடியில் போடுவார்கள். போடும்போது எரியும், அந்த இடத்தில் சிலவற்றுக்கு முடி உதிரும் அல்லது நிறம் மாறும். ஏறத்தாழ பத்து நாளில் வீக்கம் வற்றிவிடும். பெரும்பாலானவற்றுக்கு அந்த ஆண்டுப் பருவம் முழுவதற்கும் ஒரே ஊசி போதும். ஆனால் சிலவற்றுக்குக் கோடையிலேயே பருவம் திரும்பும். ஊசி போட்டாயிற்றே என்று பார்ப்பதை நிறுத்துவதால்தான் பல உயிர்கள் போகின்றன. செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை பாருங்கள். இந்த மருந்து எப்போதும் எல்லா மருத்துவமனையிலும் இருப்பில் இருக்காது. அடுத்த ஆண்டுக்கு ஜனவரியிலேயே விசாரித்துவிடுங்கள்.

அது கிடைக்காவிட்டால் எச்சிஜி எனும் ஹார்மோன் ஊசி, 100 யூனிட், தசையில். இது முட்டையை வெளியேற்றிப் பருவத்தை முடிக்கிறது. பருவம் தொடங்கிப் பத்து நாளாவது ஆன பிறகு போட்டால்தான் பலன். உங்கள் ஃபெரட்டுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டதால் இப்போதே போடலாம். இதன் பின் ஏறக்குறைய ஆறு வாரம் பொய்ச்சினை இருக்கும்: முலைகள் புடைக்கும், துணி சேர்த்துக் கூடு கட்டும், பொம்மையைக் குட்டியென்று காக்கும். அது முடிந்ததும் பகல் இன்னும் நீளமாக இருந்தால் மறுபடி பருவம் வரும். ஏப்ரலில் போட்டால் ஜூனுக்குள் அடுத்ததை எதிர்பார்க்கலாம்.

வாசெக்டமி (விந்துக்குழாயை மட்டும் வெட்டும் அறுவை) செய்த ஆணோடு சேர்ப்பதும் இதே வேலையைச் செய்யும், இதே ஆறு வாரக் கணக்கில். ஆணுக்கு அறுவை முடிந்து ஏழு வாரமாவது போன பிறகே சேர்க்க வேண்டும். அதற்கு முன் விந்து எஞ்சியிருக்கும். இணைசேர்வது பார்க்கக் கடுமையாக இருக்கும். கழுத்தைக் கவ்வி இழுக்கும், சில மணி நேரம்கூட நீளும், கழுத்தில் காயம் படும். எனக்குக் கவலை தருவது அதுவல்ல. ஒரே ஆண் பல வீடுகளுக்குப் போய்வரும்போது அலூஷன் நோய் வைரஸும் கூடவே வருகிறது. அதற்கு மருந்து இல்லை. ரத்தப் பரிசோதனையில் அந்த நோய் இல்லை என்று தெரிந்த ஆண் மட்டுமே வீட்டுக்குள் வரலாம். விதை நீக்கப்பட்ட ஆணை இதற்கு நம்பக் கூடாது. பெரும்பாலானவை இணைசேரவே முயலாது.

உங்கள் இரண்டுக்கும் நான் பரிந்துரைப்பது டெஸ்லோரெலின் இம்ப்ளாண்ட், 4.7 மில்லிகிராம். பிரிட்டனில் பெண் ஃபெரட்டுக்கு இது உரிமம் பெற்ற பயன்பாடு அல்ல. மருத்துவர் தன் பொறுப்பில் போடுவார், உங்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்குவார். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தோள்பட்டைகளுக்கிடையே தோலுக்கடியில் வைக்கும் ஒரு சிறு குச்சி அது. ஊசி தடிமனானது என்பதால் சிலர் லேசாக மயக்கம் கொடுப்பார்கள். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை பருவத்தை அடக்கும். வைத்த முதல் நாட்களில் எதிர்மாறாகத் தூண்டும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வீங்கியிருக்கும் ஃபெரட்டுக்கு அந்தத் தூண்டுதலே முட்டையை வெளியேற்றி, இரண்டு மூன்று வாரத்தில் வீக்கத்தை வற்றவைக்கும். இன்னும் பருவத்துக்கு வராத தங்கைக்கு அதே தூண்டுதலால் சில நாள் வீக்கம் தெரியலாம். இரண்டு வாரம் கழித்தும் சுருங்கத் தொடங்கவில்லை என்றால் திரும்பக் காட்டி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இம்ப்ளாண்ட் ஆர்டர் செய்துதான் வர வேண்டும் என்றார்களானால், அதற்காகக் காத்திருக்காமல் கையில் இருக்கும் ஊசியை அன்றே போடச் சொல்லுங்கள்; இம்ப்ளாண்ட்டை வரும் குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அட்ரீனல் பயத்தில் உண்மை இருக்கிறது. சினைப்பையை எடுத்துவிட்டால், மூளையைக் கட்டுப்படுத்திவந்த ஹார்மோன் இல்லாமல் போய், எல்எச் எனும் ஹார்மோன் தொடர்ந்து அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுகிறது. சில ஆண்டுகளில் அந்தச் சுரப்பி பெருத்துப் பாலின ஹார்மோன்களைச் சுரக்கத் தொடங்கலாம். வாலிலிருந்து முடி கொட்டுவதும், கருத்தடை செய்த பெண்ணுக்கு மறுபடி பிறப்புறுப்பு வீங்குவதும் அதன் அடையாளங்கள். இம்ப்ளாண்ட் எல்எச்சையும் சேர்த்து அடக்குவதால் இந்த ஆபத்தைக் குறைக்கிறது. ஆனால் இதை நினைத்து எந்த வழியையும் எடுக்காமல் இருப்பதுதான் மிக மோசமான தேர்வு. அட்ரீனல் நோய் ஆண்டுகள் கழித்து வரக்கூடியது, வந்தாலும் வைத்தியம் உண்டு. மஜ்ஜை முடங்கினால் இந்தக் கோடையிலேயே இழந்துவிடுவீர்கள். மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பப் போக முடியாத குடும்பத்துக்கு அறுவையே நல்லது. அப்படி முடிவெடுத்தால் வீங்கியிருக்கும்போது செய்யாமல், ஊசியால் பருவத்தை முடித்துச் சில வாரம் கழித்துச் செய்யுங்கள்; பருவத்தில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கும், தட்டணுவும் குறைந்திருக்கலாம். அறுவைக்கு முன் பட்டினி மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஃபெரட்டின் உணவு அதற்குள் குடலைக் கடந்துவிடும், அதற்குமேல் போனால் சர்க்கரை இறங்கிவிடும்.

குட்டி போடவிடுவது தீர்வல்ல. ஃபெரட்டுக்கு வேண்டியது பருவம் முடிவது, குட்டி அல்ல. சினைக்காலம் 42 நாள், சராசரியாக எட்டுக் குட்டி. சினையின் கடைசி நாட்களில் ஒருநாள் சாப்பாடு தடைப்பட்டாலே சினை நச்சுநிலை வந்து தாயும் குட்டிகளும் சாகலாம். முதல் ஈற்றில் தாயைத் தொந்தரவு செய்தால் குட்டிகளைத் தின்றுவிடுவதும் நடக்கும். இத்தனைக்குப் பிறகும், குட்டிகள் பால் மறந்த இரண்டு வாரத்தில் தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். நீங்கள் இப்போது நிற்கும் இடத்திலேயே மறுபடி நிற்பீர்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை மரத்தூள், வைக்கோல் படுக்கையை எடுத்துவிட்டு வெளுத்த பருத்தித் துணி போட்டுத் தினமும் மாற்றுங்கள். துகள்கள் வீங்கிய இடத்தில் ஒட்டிக் கிருமி சேரும். டெட்டால் போன்றவற்றால் கழுவ வேண்டாம். மஞ்சள் நிறத்தில் நாற்றத்துடன் திரவம் வந்தால் அதுவும் அன்றே காட்ட வேண்டியது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதிவையுங்கள். கூண்டு வரவேற்பறையில் இருந்தால், பொழுது சாய்ந்ததும் விளக்கில்லாத அறைக்கு மாற்றுங்கள். இரவு பதினொரு மணிவரை எரியும் விளக்கு அவற்றுக்குக் கோடைப் பகல்தான். ஜனவரியிலேயே பருவத்தை வரவழைத்துவிடும். வந்துவிட்ட பருவத்தை இருட்டு நிறுத்தாது. தங்கைக்கு வேண்டுமானால் கொஞ்சம் தாமதப்படுத்தும்.

இணையத்தில் தேடும்போது அமெரிக்கத் தளங்கள் இதைப்பற்றி அதிகம் பேசாததைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கடைகளில் விற்கும் ஃபெரட்டுகளுக்கு மிக இளம் வயதிலேயே கருத்தடை செய்துவிடுகிறார்கள். அதனால் அங்கு வளர்ப்பவர்களில் பலர் இந்த வீக்கத்தைப் பார்த்ததே இல்லை. பிரிட்டன், ஐரோப்பிய அனுபவத்தையே பின்பற்றுங்கள். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பக்கம் வளர்க்கும் வாசகர்களுக்கு மாதங்கள் தலைகீழ்: அங்கே செப்டம்பரில் பார்க்கத் தொடங்க வேண்டும்.

தங்கைக்கும் சேர்த்தே நேரம் வாங்குங்கள். ஒரே கூண்டில், ஒரே வெளிச்சத்தில் இருப்பதால் அதன் பருவமும் இன்னும் சில வாரத்துக்குள் வந்துவிடும்.