வருவாய்ப் பகிர்வு ஒப்பந்தம்: கேள்வி பதில்

தயாரிப்பாளரான நீங்கள் சரக்கைக் குறைந்த மொத்த விலைக்குக் கொடுத்து, கடைக்காரரின் விற்பனைப் பணத்தில் ஒரு பங்கு வாங்கிக்கொள்வதுதான் வருவாய்ப் பகிர்வு.

மொத்த விலையைக் குறைத்தாலே கடைக்காரர் கூடுதலாக எடுப்பாரே, பங்கு எதற்கு?

கணக்குப் போடுவோம். தயாரிப்புச் செலவு 40, மொத்த விலை 70, கடை விலை 100. தேவை 0 முதல் 1,000 வரை எதுவாகவும் சம வாய்ப்போடு இருக்கலாம்; மிஞ்சியது வீண். விற்றால் 30 லாபம், தேங்கினால் 70 நட்டம்; 30-ஐ இரண்டின் கூட்டுத்தொகை 100-ஆல் வகுத்தால் 30%, எனவே கடைக்காரர் 1,000-இல் 300 தான் எடுப்பார். இருவரும் ஒரே நிறுவனமாக இருந்தால் லாபம் 60, நட்டம் 40 என்பதால் 600 எடுப்பார்கள். இருவரும் சேர்ந்த சராசரி லாபம் 13,500-லிருந்து 18,000 ஆகும். மொத்த விலையை 40-க்கு இறக்கினாலும் 600 எடுப்பார், ஆனால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

விற்பனைப் பணத்தில் 40% அவர் வைத்துக்கொள்ளட்டும். மொத்த விலையும் செலவில் அதே 40%, அதாவது 16. அவர் லாபம் 4,500-லிருந்து 7,200; உங்களுடையது 9,000-லிருந்து 10,800.

அடக்கமே 40, 16-க்குக் கொடுத்தால் அள்ளிக் குவிக்க மாட்டாரா?

மாட்டார். விற்றால் லாபம் 24, தேங்கினால் நட்டம் 16. நீங்களும் அவரும் சேர்ந்த முழுச் சங்கிலிக்கும் 60-க்கு 40, அதே விகிதம்தான்.

இருந்தாலும் அடக்கத்துக்குக் கீழே விற்பது தற்கொலை ஐயா. ஒப்புக்கொள்ள முடியவில்லை.

16 முன்பணம் மாதிரி. உங்கள் வருமானம் பின்னால் வரும் 60%-இல் இருக்கிறது. 1998-இல் பிளாக்பஸ்டர் வீடியோ வாடகைக் கடைகள் இப்படித்தான் மாறின: கேசட் விலை சுமார் 65 டாலரிலிருந்து சுமார் 8-க்கு இறங்கியது, பதிலுக்கு வாடகையில் ஸ்டூடியோக்களுக்குப் பங்கு. ஆனால் அந்த 60% உங்கள் கைக்கு வர, கடையின் பில்லிங் தரவு தினமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் பயப்படுவது சரிதான்.

எத்தனை சதவீதம் நியாயம்?

மேற்கண்ட கணக்கில் கடைக்காரர் பங்கு 25%-க்குக் கீழே போனால் அவர் வரமாட்டார். 50%-ஐத் தாண்டினால் உங்களுக்குப் பழைய ஒப்பந்தமே மேல். நடுவில் எங்கே நிற்பது என்பது பேரம்.

எங்கள் துறைக்கு எத்தனை சதவீதம்?

முந்தைய பதிலைப் படியுங்கள். செலவும் விலையும் தேவையும் சொல்லாமல் எண் கேட்காதீர்கள்.

விற்காததைத் திரும்ப வாங்குவதும் இதுவும் ஒன்றா?

கடை விலை நிலையாக இருந்தால் பலன் ஒன்றே. கடைக்காரரே விலை வைத்தால் திரும்ப வாங்கும் முறை தடுமாறும்.

எங்கே சறுக்கும்?

விற்பனை முயற்சியில். விளம்பரச் செலவு முழுதும் கடைக்காரருடையது, பலனில் அவருக்கு 40% மட்டும் என்றால் கை தளர்ந்துவிடும். ரசீது காட்டினால் அந்தச் செலவில் 60% நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மறுபடியும் பில்லிங் தரவு! ‘வருவாய்’ என்பது வரி, தள்ளுபடி, திரும்பி வந்த சரக்கு கழித்ததா இல்லையா என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

இதற்கு வரி எப்படி?

உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.