வவுச்சர் இல்லாத பற்று

கேள்வி: ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், வயது 43. ஆறு மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. டாக்டர் மனச்சோர்வு நோய் என்று மாத்திரை கொடுத்தார். கூடவே சிபிடி என்ற பேச்சு சிகிச்சைக்கும் போகச் சொல்கிறார். பேசினால் நோய் தீருமா? 'தைரியமாக இருங்கள்' என்பார்கள், அவ்வளவுதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: அதை மட்டும் சொல்கிறவரிடம் போகவே வேண்டாம். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருப்பார்கள்.

சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. பெயர்தான் மிரட்டும், வேலை உங்களுக்குப் பழகியதுதான். வவுச்சர் இல்லாமல் பற்று எழுதுவீர்களா? ஆனால் முதலாளி ஒருநாள் முகம் பார்க்காமல் போனால், 'நான் எதற்கும் லாயக்கில்லை, அனுப்பிவிடுவார்' என்று மனம் உடனே பதிந்துவிடுகிறது. 1960களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், இப்படித் தானாக வந்து விழும் எண்ணங்களைத் தன் நோயாளிகளிடம் கவனித்துத்தான் இந்த முறையை உருவாக்கினார். அந்த எண்ணத்தை நோட்டில் எழுதச் சொல்வார்கள். இதற்கு என்ன ஆதாரம்? எதிராக என்ன இருக்கிறது? முதலாளிக்கு அன்று வேறு கவலை இருந்திருக்குமோ? 'எல்லாம் நல்லதே' என்று நினைக்கச் சொல்வதில்லை. எண்ணம் சரியாகவே இருந்தால், அடுத்து என்ன செய்யலாம் என்று பேச்சு திரும்பும்.

அதற்கு முன்பே பெரும்பாலும் உடம்பை அசைக்கச் சொல்வார்கள். மனசு வந்ததும் செய்யலாம் என்றால், இந்த நோயில் மனசு வராது. மாலையில் பத்து நிமிட நடை, பேசாமல் விட்ட நண்பருக்கு ஒரு போன். செய்த பிறகு மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று குறித்துவைக்க வேண்டும். 'இந்த வயதில் வீட்டுப்பாடமா' என்று பாதியில் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்த வீட்டுப்பாடம்தான் மருந்து.

பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் ஆகும். கற்றுக்கொண்டது கையில் நிற்பதால் நோய் திரும்பி வருவதும் குறைகிறது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேலைசெய்யவே சில வாரங்கள் ஆகும். கட்டணம் இடித்தால் அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல், இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சரி, முதல் நாள் போகும்போது ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேரேடு மாதிரி வேண்டாம், சட்டைப் பையில் அடங்கினால் போதும்.